ரெண்டு தலைகாணி

அன்புள்ள அக்கா,
ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கா இறங்குறதுக்கு முன்னாடியே பிரிட்டிஷ் விமானப்படைல போய் பறந்த அமெரிக்கப் பசங்களைப் பத்தி ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு எதிரி விமானத்தை சுட்டா 500 டாலராமே, அப்ப கூலிப்படைதானே? சாகச வெறில போனவங்களை ஏன் தியாகின்னு கொண்டாடணும்? அவங்களோட ஈகிள் ஸ்குவாட்ரன் பத்தி எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கலாம்?
ர.

அன்புள்ள ர.,
500 டாலர் கதை சீனாவுக்காக ஜப்பானோட சண்டை போட்ட 'பறக்கும் புலிகள்'ங்கற அமெரிக்க விமானிகளோடது தம்பி, அதைக் கொண்டாந்து ஐரோப்பா கணக்குல எழுதாதீங்க. மூணு ஈகிள் ஸ்குவாட்ரனையும் 1942 செப்டம்பர்ல அமெரிக்கப் படைக்கு மாத்தினப்புறம்தான் அவங்க சம்பளமே ஏறுச்சு. கூலி விஷயம் அவ்ளோதான், விடுங்க.

ஆனா உங்க லெட்டர் வந்த வாரம் பூரா நான் அந்த அமெரிக்கப் பசங்கள்ல ஒருத்தரான ஷார்ட்டி கியோவைத்தான் நெனைச்சுட்டு இருந்தேன். ஆள் 4 அடி 10 அங்குலம். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துல வெளிய எட்டிப் பார்க்க ரெண்டு தலைகாணி போட்டு உட்காருவாராம். நான் அவரைவிட ஒரே ஒரு அங்குலம் உசரம். டிரைவிங் கிளாஸ் முதல் நாள், சொல்லிக்குடுக்க வந்தவர் என்னைப் பார்த்துட்டு "கத்துக்கப் போறது யாரும்மா, வரலையா?"ன்னு கேட்டாரு. அடுத்த நாள் மஞ்சப்பைக்குள்ள தலைகாணிய ஒளிச்சு எடுத்துட்டுப் போனேன், தெருமுனை டீக்கடை தாண்டுற வரைக்கும் அவமானம், அப்புறம் அதுமேல உட்கார்ந்து ஸ்டியரிங்குக்கு மேல ரோடு நீளமா தெரிஞ்சுது பாருங்க, அவ்ளோதான், அவமானமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. அந்த சந்தோஷத்துக்கு என்ன நோக்கம்னு என்னைக் கேட்டீங்கன்னா நான் எதைச் சொல்றது?

நீங்க என்னடான்னா 'சாகச வெறி'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டீங்க. போருக்கு முன்னாடி பாராசூட்ல குதிச்சு வித்தை காட்டுறதுதான் கியோவோட பொழப்பே, சாகசம் இல்லாம என்ன இருக்கும்? அவரும் யூஜின் டோபினும் ஆண்ட்ரூ மாமெடாஃபும் பிரான்ஸுக்காக பறக்கலாம்னு அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தாங்க, வந்த நேரம் பிரான்ஸே விழுந்துடுச்சு. சாகசம் மட்டும்னா அங்கேயே மூட்டையக் கட்டியிருக்கலாமே? இங்கிலாந்துக்கு தப்பிச்சுப்போய் பிரிட்டிஷ் விமானப்படையோட 609ஆவது ஸ்குவாட்ரன்ல சேர்ந்தாங்க, அதுவும் வேற நாட்டுப் படைல சேர்ந்தா குடியுரிமை போயிடும்ங்கற பயத்தோட. பறக்கற ஆசையும் ஹிட்லர் மேல கோவமும் ஒரே ஆளுக்குள்ள இருக்கக் கூடாதா? சாம்பார்லேர்ந்து பெருங்காயத்தைத் தனியா எடுத்துக் காட்டுன்னு கேக்கறீங்க. நோக்கம் சுத்தமா இருந்தாத்தான் தியாகம்னு முத்திரை குத்த உங்களை யாருப்பா அந்த சீட்ல உட்கார வெச்சது? வெக்கேஷன்ல டிக்கெட் எடுத்து பாராகிளைடிங் போறவன்தான் சாகச வெறியன், அவன்கூட பாவம்.

கியோ 1941 பிப்ரவரில வட கடல்ல விழுந்தாரு, உடம்பு கிடைக்கல. செப்டம்பர்ல டோபின், பிரான்ஸ் மேல. அக்டோபர்ல மாமெடாஃப், சண்டைல கூட இல்ல, மோசமான வானிலைல ஐல் ஆஃப் மேன்ல மோதி. அமெரிக்காவைப் போர்ல இறக்கின பேர்ல் ஹார்பர் தாக்குதலே டிசம்பர்லதான்.

எங்கேர்ந்து படிக்கறதுன்னு கேட்டீங்கள்ல, மறந்தே போச்சு. 609லேர்ந்து ஆரம்பிங்க, இந்த மூணு பேரும் அங்கேர்ந்துதான் ஈகிளுக்குப் போனாங்க, அதனால ஈகிள் அப்புறம் தானா வரும்.