போலிங் செய்த வில்லையில் சிகரங்கள் பிரிந்தன: சாம்பிள் கெட்டுவிட்டதா?

கேள்வி: நான் பாம்பனைச் சேர்ந்த எம்.எஸ்சி. இயற்பியல் மாணவன். ஆய்வுத் திட்டத்துக்காக, அழுத்தினால் மின்னூட்டம் தரும் ஈயமில்லாத பீங்கான் பொருளான சோடியம் பிஸ்மத் டைட்டனேட்டில் 6 சதவீதம் பேரியம் டைட்டனேட் சேர்த்து, 1 மி.மீ. தடிமனில் வில்லைகள் செய்தேன். எக்ஸ்ரே கதிர்களால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி வரைபடத்தில் ஒற்றையாக இருந்த சிகரங்கள், போலிங் (வலுவான மின்புலத்தில் வைத்துப் பொருளின் மின்திசைகளை ஒழுங்குபடுத்துவது) செய்த பின் இரண்டாகப் பிரிந்துவிட்டன. போலிங் முடிந்த மறுநாள் 125 காட்டிய டி33 மீட்டர் (அழுத்தினால் எவ்வளவு மின்னூட்டம் பிறக்கிறது என்று அளக்கும் கருவி), கம்பி சால்டர் செய்த பிறகு 20கூடக் காட்டவில்லை. ஒலியால் கடலடியை அறியும் படகுகளின் எக்கோ கருவிகளைப் பழுதுபார்க்கும் என் சித்தப்பாதான் பற்றவைத்துக் கொடுத்தார். வில்லைகளை மறுபடி செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. சிகரங்கள் பிரிந்தது மின்புலத்தின் வேலை. டி33 விழுந்தது சூட்டின் வேலை. இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணியதால்தான் குழப்பம்.

உங்கள் படிகத்தில் சோடியமும் பிஸ்மத்தும் ஒரே வகை இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றின் மின்னூட்டம் +1, மற்றதன் மின்னூட்டம் +3. எந்த இடத்தில் எது அமரும் என்பதற்குப் பெரிதாக ஒழுங்கு கிடையாது. ஈயத்தைப் போலவே பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணை ஒன்றை வைத்திருக்கும் பிஸ்மத், தன் இடத்தின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்கும். அந்த விலகல் சில நானோமீட்டர் அகலமுள்ள சிறு பகுதிக்குள் ஒரே திசையில் இருந்தாலும், பக்கத்துப் பகுதியில் வேறு திசையில் இருக்கும். எக்ஸ்ஆர்டி இவை எல்லாவற்றின் சராசரியைத்தான் பார்க்கிறது. திசைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், படிகம் கனசதுரம் போலத் தோன்றி ஒற்றைச் சிகரம் தருகிறது.

காற்றில்லாத காலையில் பாம்பன் கரையோரம் நங்கூரமிட்ட வள்ளங்களைப் பாருங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் அணியம் வெவ்வேறு பக்கம் நோக்கியிருக்கும். கச்சான் எழுந்துவிட்டால் அத்தனையும் காற்றை நோக்கித் திரும்பும். மின்புலம் செய்வதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் வள்ளம் திரும்புவதோடு நின்றுவிடும். படிகத்திலோ ஆக்சிஜன் எண்முகிகள் (ஆக்சிஜன் அணுக்களாலான எட்டு முகக் கூடுகள்) சாய்ந்திருக்கும் முறையும் சேர்ந்து மாறி, நானோ பகுதிகள் இணைந்து பெரிய டொமைன்களாக, அதாவது ஒரே திசை கொண்ட பரப்புகளாக, வளர்கின்றன. சராசரி அமைப்பே சாய்சதுரமாகவும் நாற்கோணமாகவும் மாறுவதால், 40 டிகிரி அருகிலுள்ள 111 சிகரமும், 46.5 டிகிரி அருகிலுள்ள 200 சிகரமும் (இந்த எண்கள் படிகத் தளங்களின் பெயர்கள்) பிரிகின்றன. தூய சோடியம் பிஸ்மத் டைட்டனேட்டிலும் மின்புலம் சராசரி அமைப்பை மாற்றும் என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மின்முனையாகப் பூசிய வெள்ளிப் பூச்சை முழுதும் துடைக்காமல் வரைபடம் எடுத்திருந்தால், 38, 44 டிகிரிகளில் வெள்ளியின் சிகரங்களும் வரும்; அவற்றைப் புதிய படிக அமைப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

மின்புலத்தை எடுத்த பிறகும் இந்த ஒழுங்கு அறை வெப்பநிலையில் நிலைத்திருக்கும். அதனால்தான் மறுநாள் 125 கிடைத்தது. ஆனால் உங்கள் கலவையில் அது ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். வெள்ளீயமும் காரீயமும் கலந்த சாதாரணச் சால்டர் உருகுவதற்கே 183 டிகிரி வேண்டும். சால்டரிங் அயர்னின் முனை 300 டிகிரியைத் தாண்டும். சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது: எக்கோ கருவிகளில் வழக்கமாக இருக்கும் ஈய சிர்கோனேட் டைட்டனேட் வில்லைகளில் பல, 300 டிகிரிக்கு மேல்தான் தம் தன்மையை இழக்கும் என்பதால், கைத்திறன் உள்ளவர் சட்டென்று தொட்டு எடுத்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஈயம் வேண்டாமென்று செய்த பொருளை ஈயப்பற்றே கெடுத்தது என்பதுதான் வேடிக்கை.

உறுதிசெய்துகொள்ள, ஒரு வில்லையை 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, உலையிலேயே மெல்ல ஆறவிட்டு, மறுபடி எக்ஸ்ஆர்டி எடுங்கள். ஒற்றைச் சிகரம் திரும்பினால் பொருள் சிதையவில்லை என்று அர்த்தம். வில்லையைப் பொடித்துப் பார்க்கும் எண்ணமிருந்தால் கவனம்: அரைக்கும் அழுத்தமே இந்தப் படிகத்தின் அமைப்பை மாற்றக்கூடியது, பொடியையும் சூடேற்றி ஆற்றிய பிறகே தொடக்கநிலை வரைபடமாகக் கொள்ள வேண்டும்.

பிறகு மீண்டும் போலிங் செய்யலாம். சிலிக்கான் எண்ணெயில் மூழ்கவைத்து, மி.மீ.க்கு 4 கிலோவோல்ட் அளவில், 15 முதல் 30 நிமிடம் போதும். உங்கள் கடற்கரையில் அதைவிட முக்கியமானது முன்தயாரிப்பு. உப்புக்காற்றில் கிடந்த வில்லையின் விளிம்பில் ஈரமும் உப்பும் படிந்து, பொருளின் ஊடே செயல்பட வேண்டிய மின்னழுத்தம் விளிம்பைச் சுற்றிப் பொறியாகத் தாவும். வில்லையை ஆல்கஹாலில் கழுவி, 120 டிகிரி அடுப்பில் உலர்த்தி, ஆறியதும் தாமதிக்காமல் எண்ணெயில் இறக்குங்கள். வெள்ளிப் பூச்சு விளிம்பைத் தொடாமல் ஒரு மி.மீ. உள்ளே நிற்கட்டும். 4,000 வோல்ட் உயிரைக் குடிக்கும். தனியாக இருக்கும்போது சுவிட்சைத் தொடக் கூடாது.

கம்பிக்கு, அறை வெப்பநிலையில் இறுகும் வெள்ளி எபாக்சிப் பசையைப் பயன்படுத்துங்கள். சால்டர்தான் வேண்டுமென்றால் அதை முதலில் முடித்துவிட்டு, போலிங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். போலிங் முடிந்ததும் இரு முகங்களையும் அலுமினியத் தாளில் சுற்றி இணைத்து, ஒரு நாள் கழித்து டி33 அளந்து பாருங்கள்.