2016-இல் வாங்கிய லேப்டாப் ஆன் ஆக ஆறேழு நிமிடம் ஆகிறது. கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா, புதிது வாங்கிவிடலாமா?

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 என்று சொல்லியிருக்கிறீர்கள். இதே வயது, இதே வியாதி உள்ள ஒரு லேப்டாப்பைப் போன மாதம்தான் செட்டிநாட்டில், பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் சரிசெய்தேன். அதில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

அது அப்பச்சியின் லேப்டாப். அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் பங்காளிகள் சேர்ந்து முன்னோர்களுக்குச் செய்யும் படைப்பின் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. எத்தனை புள்ளி (பணம் கட்ட வேண்டிய குடும்பம்), யார் யார் பணம் கட்டியாயிற்று, வெளியூரில் இருப்பவர்களின் முகவரி என எல்லாம் ஒரே எக்செல் கோப்பு. காலையில் பட்டனை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவார். விபூதி பூசிக்கொண்டு வந்து உட்காரும்போதும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "மெதுவாத்தான் வரும் தம்பி, விடு" என்பார். எனக்கு விட மனசில்லை.

முதலில் செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தேன். நீங்களும் இதைச் செய்துவிட்டு மற்றதற்குப் போங்கள். பட்டனை அழுத்தியதிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் வரை 1 நிமிடம் 25 நொடி. பாஸ்வேர்டு போட்டதிலிருந்து எக்செல் கோப்பு திறக்கும் வரை 5 நிமிடம் 10 நொடி. ஆக, உண்மையான தாமதம் உள்ளே நுழைந்த பிறகுதான்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியின் மேல் மூலையில் 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று ஓர் எண் இருக்கும். விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளுக்குச் செலவாகும் நேரம் அது. அப்பச்சியின் லேப்டாப்பில் 5 நொடிக்குள்தான். உங்களுடையதில் 20, 30 நொடி என்று இருந்தால் செருகி வைத்திருக்கும் பென் டிரைவ்களைக் கழற்றிப் பாருங்கள், பயாஸுக்குள் போய், தொடங்கும் வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலாவதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பழைய லேப்டாப்களில் இந்த எண்ணே வராது. வராவிட்டால் பரவாயில்லை.

அதே பட்டியலில், லேப்டாப் ஆன் ஆனதும் தானாக எழுந்துகொள்ளும் புரோகிராம்கள் பதினான்கு இருந்தன. எப்போதோ இருந்த பிரிண்டரின் அப்டேட்டர், இரண்டு சாட் ஆப்கள், பாட்டு கேட்கும் ஆப் என்று வரிசையாக. வேண்டாதவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுத்தேன். இதனால் எதுவும் அழியாது, நாமாகத் திறந்தால்தான் இனி திறக்கும். டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றைத் தொடாதீர்கள். ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. இவ்வளவும் செய்ததில் ஒன்றரை நிமிடம் மிச்சமானது.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். அப்பச்சி தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிறவர். ஆனால் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'அப்டைம்', அதாவது தொடர்ந்து ஓடும் நேரம், 23 நாள் என்று காட்டியது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு தரமாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சரி, மீதி நேரம் எங்கே போகிறது? அதே 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'டிஸ்க்' என்பதைச் சொடுக்கிப் பார்த்தேன். 100 சதவீதம் என்று நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1.5 எம்பிதான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடக்கும். முகப்பில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கரண்டிக்கும் ஒவ்வொரு டம்ளருக்கும் பின்கட்டு வரை நடந்துபோய் வந்தால் எப்படி இருக்கும்? ஆள் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருப்பார், சாமான் மட்டும் வந்து சேராது. ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. படிக்கும் ஊசி இடம் மாறவும், தட்டு சுற்றி வரவும் காத்திருக்க வேண்டும். அதனால் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு ஐம்பது, அறுபதுதான் எடுக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பதோ பல்லாயிரம் துண்டுகள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்.எஸ்.டி என்ற சேமிப்பகத்தில் நகரும் உறுப்பே கிடையாது, சாதாரண எஸ்.எஸ்.டி கூட நொடிக்குப் பல ஆயிரம் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும். ஃபார்மட் செய்தால் கொஞ்ச நாள் வேகமாகத் தெரிவது உண்மை. ஆனால் நடக்கிற தூரம் குறையவில்லையே. அதனால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போடுங்கள்.

எஸ்.எஸ்.டி வாங்குவதற்கு முன் இப்போதுள்ள டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அப்பச்சியின் டிஸ்க்குக்கு அது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. சி5 என்ற வரியில், அதாவது படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) கணக்கில், பூஜ்யம் இல்லை. அதைப் பார்த்ததும் வேறு எதையும் தொடவில்லை. படைப்புக் கணக்கு, போட்டோக்கள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஃபார்மட் என்றால் நான் பதறுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் அயித்தை வீட்டு லேப்டாப்பை ஒரு கடையில் கேட்காமலே ஃபார்மட் செய்து கொடுத்துவிட்டார்கள். அயித்தை வீட்டு அறுபதாம் கல்யாணப் படங்கள் அதோடு போயின, இன்றுவரை அந்தப் பேச்சு வந்தால் அயித்தை கண்கலங்கும்.

நீங்கள் வாங்க வேண்டியது 2.5 இன்ச் அளவில், சாட்டா என்ற இணைப்பு வகை எஸ்.எஸ்.டி. 240 அல்லது 256 ஜிபி பெரும்பாலானவர்களுக்குப் போதும். உங்கள் கோப்புகள் எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மாற்றுவது அரைமணி வேலை. சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால் மூடியைத் திறந்ததும் அதன் இணைப்பைப் பிரித்துவிட்டுத்தான் மற்றது. ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. குட்டையானது போக வேண்டிய இடத்தில் நீளமானதைத் திருகினால் மறுபக்கம் உடையும். நான் பட்டாலையில் தரையிலேயே உட்கார்ந்து, ஆத்தங்குடித் தரைக்கல்லில் இருந்த பூவின் ஒவ்வோர் இதழிலும் ஒரு ஸ்க்ரூவை, கழற்றிய இடத்தின் வரிசைப்படி வைத்தேன். திரும்பப் பூட்டும்போது ஒன்றுகூட மாறவில்லை. டிவிடி டிரைவ் உள்ள மாடல் என்றால் பல சமயம் அதையும் முதலில் உருவ வேண்டியிருக்கும். இழுத்தும் வராத மூடியை நெம்பாதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே நகல் எடுத்து எஸ்.எஸ்.டி-க்கு மாற்றலாம். பழுது தெரிந்தால் விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். உங்கள் விண்டோஸ் முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. அதே பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானே ஏற்றுக்கொள்ளும்.

மூடியைத் திறந்த கையோடு ராமையும் 8 ஜிபி ஆக்கிவிட்டேன். பழைய ராமின் லேபிளைப் படம் பிடித்துக்கொண்டு போய் அதே வகை வாங்குங்கள். டிடிஆர்3-எல், டிடிஆர்4 ஒன்றுக்குப் பதில் ஒன்று பொருந்தாது.

கம்ப்யூட்டரை வேகமாக்குகிறோம் என்று வரும் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் போடாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும். 2016 லேப்டாப்பின் பிராசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. இணையமும் மெயிலும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், அதே எஸ்.எஸ்.டி-யில் நன்றாக ஓடும். ஆனால் டச்பேட் மேலே எழும்பி நின்றால் இந்தச் செலவு எதையும் செய்யாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கலாம், உடனே அணைத்துவிட்டு அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து மறுபடி ஸ்டாப்வாட்சில் அளந்தேன். பட்டனிலிருந்து எக்செல் கோப்பு திறக்கும் வரை 50 நொடி. அப்பச்சி துண்டோடு கிணற்றடிக்குக் கிளம்பியவர், திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாக்கி வைத்திருக்கும் புள்ளிகளுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்.