ஆணித்துளையும் எட்ஜ் பேண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஆணித்துளை பற்றியவை, அதை மறைக்கப் பலகையின் விளிம்பில் ஒட்டும் மெல்லிய பட்டியான எட்ஜ் பேண்ட் பற்றியவை. புதுத் தளபாடத்தின் விலைக்கு, பலகை வாங்கி வீட்டிலேயே அடித்துக்கொள்கிறவர்கள் கூடிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லதுதான்.

அண்ணே, 18 மில்லிமீற்றர் மெலமைன் போர்ட்டில் (மரத்தூளை அழுத்திச் செய்து மேலே பூச்சு ஒட்டிய பலகை) ஒரு புத்தக அலுமாரி செய்தேன். முன் விளிம்பில் ஆணி அடித்த இடமெல்லாம் துளையாக நிற்கிறது. மேலே எட்ஜ் பேண்ட் ஒட்டினால் மறைந்துவிடுமா? – ஹட்டன் வாசகர்

மறையும் தம்பி. ஆனால் துளையை அடைக்காமல் ஒட்டினால் மறையாது. கடையில் சுருளாக விற்கும் மெல்லிய பேண்ட் 0.4 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அடியில் பள்ளம் இருந்தால் பேண்டும் அங்கே பள்ளமாகும், ஆணித்தலை துருத்திக்கொண்டிருந்தால் கொப்புளமாகும். ஒட்டிய அன்றைக்குத் தெரியாது. மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும்போது ஒவ்வொரு துளையையும் எண்ணிவிடலாம்.

முதலில் ஆணித்தலையை பன்ச் என்ற சிறு இரும்புக்கோலை வைத்துத் தட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்ளே இறக்குங்கள். துளையில் வுட் ஃபில்லரை அழுத்தி, சற்று மேடாகவே நிரப்புங்கள், காயும்போது அது வற்றும். நன்றாகக் காய்ந்தபிறகு 120 நம்பர் சேண்ட் பேப்பரை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலால் தேய்த்தால் ஃபில்லர் உள்ள இடம் மட்டும் குழியும், விளிம்பின் முனையும் மழுங்கும். கண்ணை நம்பாமல் நகத்தை அதன்மேல் ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் சரி. கடைசியாகத் தூசியை ஒரு பிரஷ்ஷால் முழுக்கத் தட்டிவிடுங்கள்.

18 மில்லிமீற்றர் பலகைக்கு 22 மில்லிமீற்றர் அகலப் பேண்ட் வாங்குங்கள், இருபுறமும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். பின்பக்கம் பசை பூசி வரும் ரகம் என்றால் அயன் பெட்டியை பருத்தித் துணிக்கு வைக்கும் சூட்டில், நீராவி இல்லாமல், நடுவில் ஒரு வெள்ளைத்தாள் போட்டு மெதுவாக நகர்த்துங்கள். பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டு வாருங்கள். உண்மையில் ஒட்ட வைப்பது அந்த அழுத்தம்தான், பலர் விடுவதும் அதைத்தான். ஆறியபிறகு மிச்சத்தை அரத்தால் பலகையை நோக்கிக் கீழ்வாக்கில் மட்டும் தேய்த்து எடுங்கள். மேல்வாக்கில் இழுத்தால் பேண்ட் பிய்ந்துகொண்டு வரும்.

பசை இல்லாத பி.வி.சி. சுருள் என்றால் அயன் பெட்டிக்கு வேலையில்லை. காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதத்துக்கு விட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். பலகையின் விளிம்பு முதல் பூச்சைக் குடித்துவிடும். அங்கே மட்டும் இரண்டு தடவை பூசுங்கள்.

ஒட்டிய பேண்ட் மூலைகளில் கிளம்பி நிற்கிறது. பசை சரியில்லையா? – நுவரெலியா வாசகர்

பசையைவிட உங்கள் ஊர்க் குளிர்மேல்தான் எனக்குச் சந்தேகம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் ஊர். சில்லென்று கிடக்கும் பலகையில் சூடான பசை பட்டால், உள்ளே ஊறிப் பிடிக்குமுன்னே இறுகிவிடும். பலகையை முதல் நாளே அடுப்படிப் பக்கம் கொண்டுவந்து வையுங்கள். வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஒட்டுமுன் விளிம்பில் ஹெயார் டிரையர் காற்றைக் கொஞ்சம் காட்டினால் இன்னும் நல்லது. இப்போது கிளம்பியிருப்பதை அடியில் தூசி தட்டி மறுபடி அயன் போட்டு அழுத்தினாலே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன் விளிம்புக்கு மட்டும் பேண்ட் போட்டு, அடி விளிம்பையும் பின் விளிம்பையும் வெறுமனே விடுவது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வது. ‘தெரியாத இடத்துக்கு எதற்குச் செலவு’ என்று தச்சுப் பாஸ்மாரே சொல்வார்கள். பனிமூட்டம் வீட்டுக்குள் நுழையும் ஊரில் அது தப்புக் கணக்கு. வெறும் விளிம்பு ஈரத்தைக் குடித்து ஊதிவிட்டால், எந்தப் பேண்டும் நிற்காது. பேண்ட் போட முடியாவிட்டால் அந்த விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷாவது பூசுங்கள்.

அலுமாரியின் பக்கப் பலகையில், தட்டுகள் வரும் உயரத்தில் ஆணித்துளைகள். இதற்கும் பேண்ட் ஒட்டலாமா? – ஓர் ஆசிரியை, பதுளை

வேண்டாம் டீச்சர். பேண்ட் விளிம்புக்கு உரியது. பலகையின் முகத்தில் நீளமாக ஒட்டினால் காயத்துக்குப் போட்ட பிளாஸ்டர் மாதிரித் தெரியும். பலகையின் நிறத்திலேயே மெழுகுக்குச்சி கிடைக்கும். துளையில் தேய்த்து நிரப்பி, பழைய பேங்க் அட்டையால் வழித்துவிடுங்கள், போதும்.

பலா மரத்தில் செய்த பெட்டகம். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கறுப்பு வளையம் விழுந்திருக்கிறது. ஃபில்லர் வைத்தும் கறை தெரிகிறது. – பண்டாரவளை வாசகர்

அது அழுக்கு இல்லை. மரத்திலுள்ள டனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் இந்தக் கருநீலக் கறை வரும். நாம் டர்பன்டைன் என்று வாங்கும் யூகலிப்டஸ் பலகையிலும் இதே கதைதான். ஆணி உள்ளே இருக்கும்வரை கறையும் திரும்பத் திரும்ப வரும், அதனால் முதலில் ஆணியைப் பிடுங்க வேண்டும். பிறகு வார்னிஷைத் தேய்த்து நீக்கிவிட்டு, ஒக்சாலிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து கறைமேல் பூசினால் வெளுக்கும். அது நஞ்சு. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், பிள்ளைகளை எட்ட வையுங்கள். கறை போனதும் சுத்தமான தண்ணீரால் இரண்டு தடவை துடைத்துக் காயவிட்டு, அப்புறம் ஃபில்லர். மறுபடி ஆணி வேண்டுமென்றால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

நிறம் பார்க்கும்போது ஒரு விஷயம். புதிதாகச் சீவிய பலா மஞ்சளாக இருக்கும், நாளாக ஆக வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும். ஃபில்லர் அப்படி மாறாது. இன்றைய மஞ்சளுக்குப் பொருத்தமாக வைத்தால் பிறகு வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். ஆகவே ஒரு படி அடர்த்தியான நிறத்தை எடுங்கள். மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். மேலே நிறம் ஏற்றுவதாக இருந்தால் அது வேண்டாம். பசை பட்ட இடத்தில் நிறம் ஏறாது.

துளையே தெரியாமல் ஆணி அடிக்க வழி உண்டா? – தலவாக்கலை வாசகர்

உண்டு, பழைய தச்சர்களின் வேலை. ஆணி வரும் இடத்தில் கூரான சிறிய உளியால் மரத்தின் நார்ப்போக்கிலேயே ஒரு மெல்லிய சீவலைக் கிளப்ப வேண்டும். முழுதாக வெட்டிவிடக் கூடாது, ஒரு முனை மரத்தோடு ஒட்டியே இருக்கட்டும். அது சுருண்டு நிமிர்ந்து நிற்கும். அதன் அடியில் ஆணியை அடித்து, பன்ச்சால் உள்ளே இறக்கி, ஒரு துளிப் பசை வைத்து, சீவலைப் படுக்கவைத்து மேலே டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் டேப்பை எடுத்து லேசாகத் தேய்த்தால், செய்தவருக்கே இடம் தெரியாது. நேரான நார் உள்ள மரத்துக்குத்தான் சரிவரும், நார் பின்னிய பலகையில் சீவல் ஒடிந்துவிடும். மெலமைனில் முயல வேண்டாம்.

தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டியைப் பிரித்து ஒரு சின்ன ராக்கை செய்கிறேன். தகரப்பட்டி இருந்த ஓரமெல்லாம் வரிசையாகத் துளை. – மஸ்கெலியா வாசகர்

அந்தப் பிளைவுட் மெல்லிசு. பேண்ட் பிடிக்க விளிம்பே இல்லை. மறைத்தே ஆகவேண்டுமென்றால் முக்கால் அங்குல மரச்சட்டத்தைப் பசை வைத்து ஓரத்தில் ஒட்டுங்கள். நானாக இருந்தால் மறைக்க மாட்டேன். தோட்டத்தின் பெயரும் பி.ஓ.பி. என்ற தேயிலைத் தர எழுத்தும் இன்னும் பலகையில் இருந்தால் அந்தப் பக்கம் சேண்ட் பேப்பரையே கொண்டுபோகாதீர்கள். உடைந்த ஆணி முனைகளை மட்டும் குறடால் தேடிப் பிடுங்குங்கள், பிள்ளைகளின் கையைக் கிழிக்கும்.

ஆணியே அடிக்காத இடத்தில் சின்னச் சின்னத் துளைகள். அடியில் மாவு மாதிரி விழுகிறது. பேண்ட் போட்டு மூடிவிடவா? – ஹப்புத்தளை வாசகர்

மூடாதீர்கள். அது உளு. துளை என்பது வண்டு வெளியேறிய வாசல், தின்றது புழுவாக உள்ளே இருந்த காலத்தில். உள்ளே இன்னும் புழு இருந்தால் அடுத்த வண்டு நீங்கள் ஒட்டும் பேண்டையும் துளைத்துக்கொண்டு வரும். துளைகளுக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்து வையுங்கள். பழைய மாவைத் தட்டிவிட்ட பிறகும் புதிதாக விழுந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வார்னிஷைத் தேய்த்து எடுத்துவிட்டு போரான் மருந்தைப் பூசுங்கள். வார்னிஷுக்கு மேலே பூசினால் உள்ளே இறங்காது. கை வைத்தாலே பொடியாகும் பலகை என்றால் அதை மட்டும் கழற்றி மாற்றுங்கள். கழற்றியதை விறகுக் குவியலில் சேர்த்து வைக்காமல் அன்றைக்கே அடுப்பில் போடுங்கள்.