மூஸ் ஜா மாதிரிச் சின்ன ஊரில் கார் இல்லாமல் இருக்க முடியுமா? விடுமுறை நாளில் அங்கே என்னதான் செய்வது?

அக்டோபரில் கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்துக்கு வேலைக்கு வருவதாகவும், "புல்வெளியைத் தவிர ஒன்றுமில்லை" என்று எல்லோரும் பயமுறுத்துவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நான் ஆறு வருடமாக மூஸ் ஜாவில் இருக்கிறேன். கார் வாங்கத்தான் வேண்டும். அதை வைத்துக்கொண்டு அந்தப் புல்வெளியைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் சனி, ஞாயிறு போதாது.

ஏறத்தாழ 33,000 பேர் வாழும் ஊர் இது. வேலைக்கும் கடைக்கும் டவுன் பஸ்ஸை வைத்துச் சமாளிக்கலாம். வெளியூர் போவதுதான் பாடு. பயணிகள் ரயில் 1990 ஜனவரியோடு நின்றுபோனது. மாகாண அரசே நடத்திவந்த வெளியூர் பஸ்களை 2017 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். மறு வருடம் அக்டோபரில் கிரேஹவுண்ட் என்னும் தனியார் பஸ் கம்பெனியும் போய்விட்டது. 70 கிலோமீட்டரில் இருக்கும் மாகாணத் தலைநகர் ரெஜைனாவுக்குக்கூட பெரும்பாலும் சொந்த வண்டிதான் வழி என்று ஆனது இப்படித்தான். இங்கத்து மனிதர்கள் பிக்கப் வண்டிமேல் வைத்திருக்கும் பிரியத்தை ஆடம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு காரின் முன் பம்பரிலும் ஒரு பிளக் வயர் நாக்கு மாதிரித் தொங்குவதைப் பார்ப்பீர்கள். அது பிளாக் ஹீட்டர். கடுங்குளிரில் ஆயில் கூழாகிவிடும், பாட்டரிக்கும் வலு இருக்காது. காலையில் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே வீட்டு மின்சாரத்தில் செருகி எஞ்சினைச் சூடாக்க வேண்டும். முதல் ஜனவரியில், மைனஸ் 34 டிகிரி இரவில், செருக மறந்து தூங்கிவிட்டேன். காலையில் எஞ்சின் ஒரு முனகலோடு நின்றது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்காமலேயே கேபிளோடு வந்து கிளப்பிக் கொடுத்தார். டயரின் அடிப்பக்கம் தட்டையாக உறைந்துபோய், முதல் ஒரு கிலோமீட்டர் வண்டி கட்டை வண்டி மாதிரிக் குதித்துக்கொண்டே போனது.

சரி, எங்கே போவது? ஊரைத் தாண்டியதும் கிரிட் ரோடு என்னும் சரளைச் சாலைகள் கட்டம் கட்டமாக ஓடும். நிலத்தை அளந்தபோதே வடக்கு தெற்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று என்று சாலைக்கு இடம் விட்டுவிட்டார்கள். எதிரே வரும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். அதுதான் வணக்கம். நீங்களும் தூக்குங்கள். மழை பெய்த அன்று மட்டும் மண் சாலையில் இறங்காதீர்கள். இங்கத்துக் களிமண்ணுக்கு 'கம்போ' என்று பெயர். சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொண்டால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

என்னை இந்த ஊரோடு கட்டிப்போட்டது ஒரு ஜூன் மாலை. அப்போது ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். தெற்கே ஒரு கிரிட் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காரை விட்டு இறங்கினால் ஓடிவிடும் பிராணிகள், அசையாத காரைப் பொருட்படுத்துவதில்லை. புரோங்ஹார்ன் என்னும் மான் போன்ற பிராணி ஒன்று முள்கம்பி வேலி ஓரமாக வந்து நின்றது. வல்லநாட்டில் வெளிமான் துள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதுவும் ஒரே தாவாகத் தாவிவிடும் என்று காத்திருந்தேன். தாவவில்லை. முன்னங்கால்களை மடித்தது, தலையைத் தாழ்த்தியது, ஒரு சாண் சொச்சம் இடைவெளியில் கீழ்க் கம்பிக்கு அடியில் நுழைந்து போனது. முதுகு ரோமத்தில் ஒரு கொத்து முள்ளில் சிக்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய பிராணி அது. தடுப்பே இல்லாத வெட்டவெளியில் உருவான இனம் என்பதால் தாவும் பழக்கம் அதற்கு வரவில்லை. கீழ்க் கம்பி தாழ்வாக இருந்தால் முதுகு கிழியும், அல்லது அந்தப் பக்கமே போக முடியாது. அதனால்தான் சில பண்ணைக்காரர்கள் கீழ்க் கம்பியை முள் இல்லாததாக மாற்றி, சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வேலியைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஊருக்குள்ளேயே, பொருட்காட்சி மைதானத்தில், வளை ஆந்தைகளுக்கு ஒரு மையம் இருக்கிறது. கோஃபர் என்னும் தரை அணிலும் பேட்ஜரும் தோண்டிவிட்டுப் போன வளையில் முட்டையிடும் ஆந்தை. கனடாவில் அழியும் நிலையில் இருக்கிறது. பராமரிப்பாளரின் கையில் ஒன்றை அருகில் பார்த்தேன். ஒரு சாண் உயரம்தான். குச்சிக் கால்கள், மஞ்சள் கண்கள். குஞ்சுகள் ஆபத்து வந்தால் வளைக்குள்ளிருந்து ரேட்டில்ஸ்நேக் என்னும் கிலுகிலுப்பைப் பாம்பு மாதிரிச் சீறும் என்றார். இந்த ஆந்தைகள் சாலையோரத்தில் தாழ்வாகப் பறந்து இரை தேடும்போது வண்டியில் அடிபடுகின்றன. அன்றிலிருந்து இருட்டியபின் கிரிட் ரோட்டில் நான் வேகம் போவதில்லை.

நீங்கள் வரும் அக்டோபர், நவம்பர்தான் மான்களின் இணைசேரும் காலம். விடியலிலும் அந்தியிலும் சாலையில் திடீரென்று குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். ஒடித்துப் பள்ளத்தில் உருள்வதில்தான் உயிர் போகிறது.

குளிர்காலத்துக்கு வடக்கே பஃபலோ பவுண்ட் ஏரி. இந்த ஊரும் ரெஜைனாவும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஜனவரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பார்கள். நடக்க 10 சென்டிமீட்டர், காருக்கு 30 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்பது கணக்கு. அதை அளந்து பார்த்த உள்ளூர்க்காரரோடுதான் ஏறுங்கள். மே மாதம் மேற்கே சாப்ளின் ஏரிக்குப் போங்கள். முதலாம் நெடுஞ்சாலை அதன் நடுவே போகிறது, உப்புக் கரை பனி மாதிரி வெளுத்திருக்கும். ஆர்க்டிக் போகும் வழியில் சாண்டர்லிங் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி, உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டு கிளம்பும்.

வந்த முதல் வாரமே கார் அமையாவிட்டால் யாரையாவது கேட்டு ஒட்டிக்கொண்டு போங்கள், தயங்க வேண்டாம், இங்கே கேட்டால் கூட்டிப்போவார்கள். அறுவடை முடிந்த வயல் ஒன்றின் ஓரம், சாயங்காலம். தூரத்தில் வெள்ளையாகத் தெரிவதைப் பனி என்று நினைப்பீர்கள். ஸ்னோ கூஸ் வாத்துகள் அவை. கண்ணாடியை இறக்கி வையுங்கள், அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பும் சத்தம் காருக்குள் வரட்டும்.