பல் பாலம்: கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பற்றிய கேள்விகள்

போன பல்லின் இடத்தில், பக்கத்துப் பற்களின் பிடிப்பில் நிற்கும் செயற்கைப் பல்தான் பிரிட்ஜ். அதைக் கட்டிக்கொண்டவர்களும் கட்டிக்கொள்ளப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. சுத்தம் செய்வது பற்றித்தான் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்ஜின் ஆயுளை முடிவு செய்வதும் அதுதான் என்பதால் அந்தப் பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒரு பல்தான் போனது. அதற்காக நல்ல பற்கள் இரண்டைத் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும் என்கிறாரே டாக்டர்?

வழக்கமான பிரிட்ஜ் என்றால் தேய்த்துத்தான் ஆக வேண்டும். இரு பக்கத்துப் பற்களின் மேலும் கேப் (பல்லின் மேல் தொப்பி போலப் போடும் மூடி) உட்கார்ந்தால்தான் நடுவிலுள்ள செயற்கைப் பல்லை அவை தாங்கும். கேப்பின் கனத்துக்கு இடம் வேண்டும். அதற்காக 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை தேய்ப்போம். தேய்த்த எனாமல் திரும்ப வளராது, எனவே உங்கள் தயக்கம் நியாயமானது.

பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ ரூட் கெனாலோ இருந்தால், கேப் அவற்றுக்கும் பாதுகாப்பு. நான் யோசிக்காமல் பிரிட்ஜையே சொல்வேன். இரண்டும் கைபடாத நல்ல பற்களா? அப்படியானால் முதலில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) பற்றிக் கேளுங்கள். முன்பல் என்றால், பின்பக்கமாகச் சிறகு போல ஒட்டவைக்கும் பிரிட்ஜும் உண்டு. அதற்குத் தேய்ப்பது மிகக் குறைவு. முடிவெடுப்பதை மட்டும் வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். இடைவெளியை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாயலாம், எதிர்ப்பல்லும் நீண்டு வரலாம். அப்புறம் எதைக் கட்டுவதும் கடினம்.

ரூட் கெனால் செய்து கேப்பும் போட்டாகிவிட்டது. அந்தப் பல்லில் இனி சொத்தை வராதுதானே?

வரும். செராமிக்கும் உலோகமும் சொத்தையாகாது, ஆனால் உள்ளே இருப்பது உங்கள் சொந்தப் பல். கேப்பின் ஓரம் ஈறைத் தொடுகிற இடத்தில் படிவு சேர்ந்தால் சொத்தை அங்கிருந்து உள்ளே போகும். பிரிட்ஜ்கள் வீணாவதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு இல்லாததால் வலியும் எச்சரிக்காது. வலி இல்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள். அவ்வப்போது பரிசோதனையும், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் அவசியம்.

தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன். அது போதாதா?

போதாது. பிரிட்ஜில் கேப்பும் செயற்கைப் பல்லும் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். அதனால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேலிருந்து இறக்க முடியாது, பிரஷ்ஷும் அடியில் போகாது. பக்கவாட்டில் நுழைப்பதுதான் ஒரே வழி.

சூப்பர் ஃப்ளாஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதன் ஒரு முனை விறைப்பாக இருக்கும், நடுப்பகுதி பஞ்சு போலத் தடித்திருக்கும். விறைப்பான முனையைக் கன்னத்துப் பக்கமிருந்து செயற்கைப் பல்லின் அடியில் நுழைத்து நாக்குப் பக்கமாக இழுங்கள். பஞ்சுப் பகுதி அடியில் வந்ததும் முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். அத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இரு பக்கமும் கேப் போட்ட பற்களின் ஓரத்தையும் அதே நூலால் அணைத்துத் துடைக்க வேண்டும். அங்கேதானே சொத்தை தொடங்குகிறது! இடைவெளி சற்றுப் பெரிதாக இருந்தால் இடைப்பல் பிரஷ் இன்னும் வசதி. நுழைக்கத் திணறாத, ஆனால் ஓரங்களைத் தொடுகிற அளவை டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீரைப் பீய்ச்சும் கருவி உணவுத் துணுக்குகளை வெளியேற்றும், நூலோடு சேர்த்துப் பயன்படுத்தினால் நல்லது.

ஒரு நாளில் ஒரு முறை போதும், இரவில் படுக்கும் முன் செய்யுங்கள். முதல் சில நாட்கள் ரத்தம் கசியலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள், ஈறு வீங்கியிருப்பதன் அடையாளம் அது. சுத்தமாக வைத்திருந்தால் பெரும்பாலும் குறையும். ஓரிரு வாரத்தில் நிற்காவிட்டால் காட்டுங்கள். ஃப்ளூரைடு உள்ள பற்பசையையே பயன்படுத்துங்கள்.

பிரிட்ஜ் ஒரு பக்கம் லேசாக ஆடுகிறது. வலி இல்லை. கொஞ்ச நாள் பார்க்கலாமா?

வேண்டாம், உடனே போங்கள். ஒரு பக்கத்து கேப்பில் சிமென்ட் விட்டுப்போய், இன்னொரு பக்கம் இறுகப் பிடித்திருக்கலாம். அப்போது கழன்று விழாது, ஆனால் எச்சிலும் கிருமிகளும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அங்கே துர்நாற்றமோ கெட்ட சுவையோ வந்தால் சந்தேகப்படுங்கள். சீக்கிரம் வந்தால் சில சமயம் அதே பிரிட்ஜைத் திரும்ப ஒட்டிவிடலாம். மொத்தமாகக் கழன்றுவிட்டால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டில் இருக்கும் பசையால் ஒட்டவே கூடாது.

கட்டி ஒரு வாரம் ஆகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது.

சில வாரங்களுக்கு இப்படி இருப்பது சகஜம், மெல்லக் குறையும். கடிக்கும்போது மட்டும் வலித்தால் பிரிட்ஜ் சற்று உயரமாக இருக்கலாம், சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். தானாகவே வலித்தாலோ, இரவில் தூக்கம் கெட்டாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். காத்திருக்காதீர்கள்.

எத்தனை வருடம் வரும்?

நன்றாகப் பராமரித்தால் 10 வருடங்களைத் தாண்டுவது சாதாரணம். இரவில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், தூங்கும்போது போட்டுக்கொள்ள பல் உறை செய்து தருவார்.

கட்டியபோது ஈறோடு ஒட்டியிருந்தது. இப்போது அடியில் இடைவெளி தெரிகிறது. பிரிட்ஜ் தூக்கிக்கொண்டதா?

பெரும்பாலும் இல்லை. பல் எடுத்த இடத்தில் எலும்பும் ஈறும் நாளடைவில் வற்றும், அதனால் இடைவெளி தெரிகிறது. முன்பல்லாக இருந்து பார்வைக்கு உறுத்தினால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். கடைவாயில் என்றால், கேப்களின் ஓரம் நன்றாக இருக்கும்வரை அதற்காக மட்டும் கழற்றச் சொல்லமாட்டேன். இடைப்பல் பிரஷ் இனி சுலபமாக உள்ளே போகும், தினமும் போடுங்கள்.