யார் அந்த 'நான்'?

கேள்வி: ஹெவி மெட்டல் பாடல்களில் 'நான் கொல்வேன், நீ சாவாய்' என்றே பாடுகிறார்கள். போரைக் கொண்டாடும் இந்தக் கூச்சலுக்கும் ஆழமான பொருள் உண்டு என்று என் அக்கா மகன் வாதாடுகிறான். உண்மையா?

பதில்: உங்கள் கேள்வியில் 'நான்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். யார் அந்த 'நான்'?

சங்க அகப்பாட்டை எடுத்தால் முதலில் கூற்றைத்தான், அதாவது பாட்டில் பேசுவது யார் என்பதைத்தான், பார்ப்போம். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? கபிலர் தலைவியாகவும் பேசியிருக்கிறார். அதற்காகக் கபிலருக்குத் தலைவியின் பிரிவுத் துயரால் உடல் வெளிறும் பசலை படர்ந்தது என்று எவரும் சொன்னதில்லை. கிதாரோடு ஒருவன் 'நான்' என்றால் மட்டும் அவனே கொலைகாரன் ஆகிவிடுகிறான். கதாபாத்திரம் குடித்தால் எழுத்தாளனின் வாயை மோந்து பார்க்கிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருஷமாக மல்லுக்கு நிற்கிறேன். இன்னும் விடுவதாக இல்லை.

அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் 'தி ட்ரூப்பர்' (1983) பாட்டைக் கேளுங்கள். கிரிமியப் போர், பாலக்லாவா, 1854 அக்டோபர் 25. குழப்பமான ஓர் உத்தரவை நம்பி சுமார் 670 பிரிட்டிஷ் குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்தார்கள். பாட்டின் 'நான்' அவர்களில் ஒருவன். பேஸ் கிதார் டக்-டகட, டக்-டகட என்று குளம்படியாக ஓடுகிறது. கேட்கிறவனுக்கு முறுக்கேறும், எனக்கும் ஏறும். கடைசியில் அவன் குண்டடிபட்டு விழுகிறான், அழ ஆளில்லாமல் சாகிறான். நமக்கு ஏறிய முறுக்கு ஒரு பிணத்தின் முன்னால் போய் நிற்கிறது. கூற்று என்றால் எமன் என்றும் பொருள். இந்தப் பாட்டில் இரண்டும் ஒன்றுதான்.

கூச்சல் என்றீர்கள். மெட்டாலிக்கா குழுவின் 'ஒன்' (1988) பாட்டில் பேசுகிறவன் கண்ணிவெடியில் கை, கால், பார்வை, செவி, பேச்சு அத்தனையும் இழந்த சிப்பாய். இசை மெல்லிய கிதாரில் தொடங்குகிறது. நாலரை நிமிடத்தை ஒட்டி இரட்டை பாஸ் டிரம் இயந்திரத் துப்பாக்கி போலத் தடதடக்கிறது. கத்த வாயில்லாதவனுக்காக அந்த டிரம் கத்துகிறது. வரிகளை மட்டும் தாளில் எழுதிவைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இது எப்படிக் கேட்கும்?

பிளாக் சபாத் குழுவின் 'வார் பிக்ஸ்' வந்தது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970இல். தளபதிகளைச் சூனியக்காரிகளோடு ஒப்பிடும் பாட்டு. முடிவில் போரைத் தூண்டியவர்கள் மண்டியிடுகிறார்கள், சாத்தான் சிரிக்கிறான். சாத்தான் என்ற பெயரைக் கேட்டே மிரண்டவர்கள், அவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று கவனிக்கவில்லை.

போரை வெறும் சாகசமாகப் பாடும் மெட்டலும் உண்டு, மறுக்க மாட்டேன். அவற்றில் செத்தவனுக்கு முகமே இருக்காது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

மோட்டர்ஹெட் குழுவின் '1916' (1991) பாட்டை அக்கா மகனோடு உட்கார்ந்து கேளுங்கள். அத்தனை இரைச்சலுக்குப் பேர்போன அதன் பாடகர் லெம்மி, அந்தக் கரகரத்த குரலை அடக்கிக்கொண்டு மெதுவாகப் பாடுகிறார். வயதில் இரண்டைக் கூட்டி எழுதிப் படையில் சேர்ந்த பதினாறு வயதுப் பையனின் கூற்று அது. பக்கத்தில் அவன் நண்பன் ரத்தம் கக்கியபடி அம்மாவைக் கூப்பிட்டு அலறுகிறான். அந்தப் பாட்டிலும் 'நான்' உண்டு.