பூலில் கெட்டிக்காரர் ஸ்னூக்கரில் தேறுவாரா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பூல் நன்றாக ஆடுகிறவர்களுக்கு எப்போதோ ஒரு கட்டத்தில் ஸ்னூக்கர் மேல் கண் போகும். கியூ என்ற கோலும் பந்தும் பாக்கெட்டும் இரண்டிலும் இருக்கும்போது மாறுவதில் என்ன கஷ்டம் என்று தோன்றுவது இயல்பு. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

பூலில் உலக சாம்பியனாக இருந்த யாராவது பிறகு ஸ்னூக்கரிலும் உலகப் பட்டம் வென்றிருக்கிறார்களா?

அமெரிக்க பாணி பூலைக் கேட்கிறீர்கள் என்றால், இல்லை. ஒன்பது பந்து ஆட்டத்தில் பெயர் வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்னூக்கருக்கு வந்து ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் கோப்பை தூக்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. உலகப் போட்டி அங்கே 1977 முதல் நடக்கிறது. 1980களில் அமெரிக்க பூல் நட்சத்திரம் ஜிம் ரெம்பே ஸ்னூக்கர் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கிப் பார்த்தார். தரவரிசையின் மேல்பகுதியை எட்ட முடியவில்லை. 2004இல் உலக ஒன்பது பந்து பட்டம் வென்ற அலெக்ஸ் பகுலாயன், கனடாவின் தேசிய ஸ்னூக்கர் பட்டத்தையும் வென்றவர். அது பெரிய சாதனைதான். ஆனால் ஒரு தேசியப் பட்டத்துக்கும் தொழில்முறை முன்வரிசைக்கும் நடுவில் உள்ள தூரம் மிக அதிகம்.

பிரிட்டிஷ் பாணி எட்டுப் பந்து பூலைச் சேர்த்தால் இரண்டு பெயர்கள் உடனே வரும். 1999இல் குவின்டன் ஹான், 2006இல் மார்க் செல்பி, இருவரும் அந்த ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்றவர்கள். செல்பி பிற்பாடு 2014, 2016, 2017, 2021 என்று நான்கு முறை ஸ்னூக்கர் உலக சாம்பியனும் ஆனார். இதைக் காட்டி 'பூலில் இருந்து வந்து ஜெயித்தவர்' என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. பூல் பட்டம் வெல்லும்போது இருவருமே ஏற்கெனவே ஸ்னூக்கர் தொழில்முறை ஆட்டக்காரர்கள். 1980இல் பட்டம் வென்ற கனடாவின் கிளிஃப் தோர்பர்ன் இளவயதில் வட அமெரிக்கக் கூடங்களில் பணம் வைத்து பூல் ஆடியவர்தான். ஆனால் அவரும் ஸ்னூக்கரைக் கூடவே ஆடி வளர்ந்தவர். ஆக, இளவயதிலிருந்தே இரண்டையும் ஆடியவர்கள் உண்டு. பூலில் முதிர்ந்தபின் மாறி உச்சிக்குப் போனவர் இல்லை.

ஸ்னூக்கர்காரர்கள் மட்டும் பூலுக்குப் போய் எளிதாக ஜெயிக்கிறார்களே, அது எப்படி?

ஸ்டீவ் டேவிஸ் ஆறு முறை ஸ்னூக்கர் உலக சாம்பியன். ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் மோஸ்கோனி கோப்பை பூல் போட்டியில் ஐரோப்பிய அணிக்காகப் பதினொரு முறை ஆடியிருக்கிறார். 2002இல் அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லாண்டை வென்று கோப்பையை உறுதி செய்ததும் அவரே. மால்டாவின் டோனி டிராகோ ஸ்னூக்கர் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தவர். 2003இல் உலக பூல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். பெண்களில் அலிசன் ஃபிஷர், கெல்லி ஃபிஷர், கேரன் கார் மூவரும் ஸ்னூக்கர் உலக சாம்பியன்களாக இருந்துவிட்டு அமெரிக்க பூலுக்குப் போய் அங்கும் மேலே வந்தவர்கள். பெண்கள் ஸ்னூக்கரில் அப்போது பிழைக்கும் அளவுக்குப் பணம் இல்லை என்பதும் இதில் ஒரு பெரிய காரணம்.

குறுகலான பாக்கெட்டில் பழகிய கைக்குப் பெரிய பாக்கெட் சலுகை. சிறுவயதிலிருந்து கியூவை நூல் பிடித்தாற்போல நேராக ஓட்டப் பழகியவர், அங்கே போய் மேசையின் வழித்தடங்களையும் பிரேக்கையும் (தொடக்கத்தில் பந்துக் குவியலை உடைக்கும் அடி) கற்றுக்கொண்டால் போதும். எதிர்த்திசையில் வருகிறவர் கியூ ஓட்டும் முறையையே திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் 'எளிதாக' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். ஜட் டிரம்ப் 2021இல் அமெரிக்க ஓபன் பூலில் ஆடினார். அப்போது உலகின் மிகச் சிறந்த ஸ்னூக்கர் ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர்; பட்டத்தின் பக்கம்கூட வரவில்லை. ஒன்பது பந்து பிரேக்கும், குஷனில் (மேசையின் ரப்பர் ஓரத்தில்) பட்டுத் திரும்பி மறைந்த பந்தைத் தொடும் ஷாட்டும் தனி வித்தைகள்.

மேசை பெரிது, அவ்வளவுதானே? பழகினால் சரியாகிவிடாதா?

மேசை பெரிது என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தோல்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

ஒன்பது அடி பூல் மேசையில் ஆடுகளம் 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். ஸ்னூக்கரில் 3569 மில்லிமீட்டருக்கு 1778 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய பன்னிரண்டடிக்கு ஆறடி. மூலைக்கு மூலை பார்த்தால் பூலில் ஒன்பதரை அடிக்குள். ஸ்னூக்கரில் பதின்மூன்று அடி. இப்போது பாக்கெட்டுக்கு வாருங்கள். பூல் பந்து 57 மில்லிமீட்டர், மூலை பாக்கெட்டின் வாய் சுமார் நாலரை அங்குலம். இரண்டு பந்துகள் பக்கத்தில் பக்கமாக நுழையலாம். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பாக்கெட் மூன்றரை அங்குலத்தை ஒட்டியது. பந்து போக மிஞ்சும் இடம் பூலில் ஒரு பந்து அளவு, ஸ்னூக்கரில் முக்கால் பந்துக்கும் குறைவு. தூரம் கூடுகிறது, தப்பும் இடம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து தாக்கும்போது, பூலில் தெரியாமல் இருந்த சின்னக் கோணல் இங்கே அம்பலமாகிவிடும்.

பாக்கெட்டின் வடிவமும் வேறு. பூலில் வாய் நேர்கோட்டில் வெட்டியது போல இருக்கும். ஸ்னூக்கரில் இரு பக்கமும் வளைந்திருக்கும். மெதுவாக உருண்டு வரும் பந்தை அந்த வளைவு உள்ளே வாங்கிக்கொள்ளும், வேகமாக வந்தால் துப்பிவிடும். பூல்காரருக்கு ஓங்கி அடித்துப் பாக்கெட் செய்யும் பழக்கம் இருந்தால் முதல் மாதம் முழுவதும் எரிச்சல்தான்.

அப்புறம் துணி. பூல் துணி வழவழப்பானது, மயிர்ப்பு இல்லாதது. ஸ்னூக்கர் துணியில் ஒரு திசையில் படிந்த மயிர்ப்பு உண்டு. மஞ்சள், பச்சை நிற்கும் முனையிலிருந்து கறுப்பு நிற்கும் முனைக்கு அது ஓடும். மெதுவாக நடுப் பாக்கெட்டுக்கு உருட்டினால் பந்து அந்தப் பக்கம் சாயும். சைடு கொடுத்து, அதாவது வெள்ளைப் பந்தின் பக்கவாட்டில் அடித்துச் சுழலவிட்டால், மயிர்ப்போடு போகும்போது ஒரு பக்கமும் எதிர்த்துப் போகும்போது மறுபக்கமும் இழுக்கும். பூலில் எதற்கெடுத்தாலும் சைடு கொடுத்து வளர்ந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். நீண்ட ஷாட்டுக்கு வெள்ளைப் பந்தின் நடுக்கோட்டை விட்டு நகராதீர்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வது இது.

பூலில் கற்றது எதுவுமே உதவாதா?

நிறைய உதவும். குஷன்களில் பட்டு வெள்ளைப் பந்து எந்தக் கோணத்தில் எங்கே போகும் என்ற கணக்கு பூல்காரருக்குக் கைவந்தது. சிவப்புக் குவியலை உடைக்க வெள்ளையை அனுப்பும்போது அவர் பயப்பட மாட்டார். மூன்று பந்து முன்னால் யோசிக்கும் பழக்கமும் இருக்கிறது.

ஆனால் அளவு மாறுகிறது. ஒன்பது பந்தில் வெள்ளை மேசை முழுக்கச் சுற்ற வேண்டும். ஸ்னூக்கரில் நல்ல பிரேக் (இங்கே, ஒரே முறையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகள்) என்பது பெரும்பாலும் கறுப்பு, பிங்க் நிற்கும் ஒரு சின்னப் பகுதிக்குள் வெள்ளையைக் கால் அடி, அரை அடி நகர்த்திக்கொண்டே இருப்பது. இது சலிப்பாகத் தெரியும். சலிப்பைத் தாங்குகிறவருக்கே நூறு புள்ளி பிரேக் வரும்.

சேஃப்டியில்தான் (எதிராளிக்கு எளிய ஷாட் கிடைக்காதபடி அடிப்பதில்) நான் தோற்கிறேன். பூலில் என் சேஃப்டி நன்றாக இருக்கும். ஏன் இப்படி?

பூலில் எதிராளி தவறு செய்தால் வெள்ளைப் பந்து உங்கள் கைக்கு வருகிறது, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு நல்ல மறைப்பு ஆட்டத்தையே முடித்துவிடும். ஸ்னூக்கரில் தவறுக்கு நான்கிலிருந்து ஏழு புள்ளி மட்டுமே. எனவே ஒரே அடியில் ஆளைச் சாய்க்கும் சேஃப்டி குறைவு. சிவப்பின் ஓரத்தை மெல்லத் தொட்டு வெள்ளையைப் பழுப்புப் பந்துக்குப் பின்னால் கொண்டுபோய் விடுவது, எதிராளி அதையே திருப்பிச் செய்வது, இப்படிப் பத்து முறை நடக்கலாம். பொறுமை இழந்து முதலில் துணிகிறவர் பெரும்பாலும் தோற்கிறார்.

இன்னொன்று, எண்ணிக்கை. வண்ணப் பந்துகள் ஆறு மட்டும் மிச்சம் என்றால் மேசையில் இருப்பது 27 புள்ளி. நீங்கள் 30 பின்தங்கியிருந்தால் பாக்கெட் செய்து மட்டும் ஜெயிக்க முடியாது, எதிராளியைத் தவறு செய்ய வைக்க வேண்டும். பூலில் இருந்து வருகிறவர்கள் இதை மனதில் ஓட்டுவதே இல்லை. ஒரு சிவப்பு மீதம் இருக்கும்போதே கணக்கு தலையில் இருக்க வேண்டும்.

எனக்கு 24 வயது. எட்டுப் பந்து பூலில் உள்ளூர்ப் பட்டங்கள் உண்டு. ஸ்னூக்கர் தொழில்முறைக்கு இப்போது முயலலாமா?

வருமானத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன். ரோனி ஓ'சல்லிவன் 1992இல் தொழில்முறைக்கு வரும்போது வயது 16. ஸ்டீபன் ஹென்ட்ரி 1990இல் உலக சாம்பியன் ஆனபோது 21. இவர்கள் விதிவிலக்குகள்தான். ஆனால் தொழில்முறைச் சுற்றில் இருக்கும் ஏறக்குறைய 128 பேரில் பெரும்பாலோர் பத்து வயதை ஒட்டிக் கியூ பிடித்தவர்கள். சுற்றுக்குள் நுழைய ஒரு வழி கியூ ஸ்கூல் என்ற தகுதிப் போட்டி. ஜெயித்தால் இரண்டு ஆண்டு அனுமதி. அந்த இரண்டு ஆண்டில் தரவரிசையில் மேலே வராவிட்டால் பெரும்பாலும் திரும்ப அதே வாசலில் நிற்க வேண்டும். அங்கே உங்களோடு நிற்பவர்களில் பலர் ஏற்கெனவே தொழில்முறையில் ஆடி வெளியே வந்தவர்கள்.

உங்கள் நிலையை நீங்களே சோதிக்கலாம். பயிற்சியில் யாரும் பார்க்காதபோது நூறு புள்ளி பிரேக் வாரம் தவறாமல் வருகிறதா? வந்தால் பேசலாம். ஐம்பது அடிப்பதே கொண்டாட்டமாக இருந்தால், அமெச்சூர் போட்டிகளில் இரண்டு மூன்று ஆண்டு ஆடிப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

எட்டுப் பந்து என்றீர்களே, ஏழடி மேசை பிரிட்டிஷ் பாணியா என்று எழுதவில்லை. அதுவாக இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் சாதகம். பாக்கெட்டும் துணியும் பந்தின் அளவும் ஸ்னூக்கருக்குப் பக்கம். தூரம் மட்டும்தான் புதிது.

பூல் கியூவிலேயே ஸ்னூக்கர் ஆடலாமா?

ஆடலாம், கஷ்டப்படுவீர்கள். பூல் கியூவின் டிப் (பந்தில் படும் நுனி) 12 முதல் 13 மில்லிமீட்டர், ஸ்னூக்கரில் 9 முதல் 10. சின்னப் பந்தில் பெரிய டிப் எங்கே படுகிறது என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விலை உயர்ந்த கியூ தேவையில்லை. கொஞ்சம் விறைப்பான, நேரான ஆஷ் மரக் கியூ போதும்.

கியூவை விட நிற்கும் விதத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை. தாடை கியூவைத் தொட வேண்டும், கியூ மார்பை உரசிக்கொண்டு போக வேண்டும். பூலில் விரலை வளையமாகச் சுற்றிப் பிடிக்கும் பிரிட்ஜ் இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. உள்ளங்கையை மேசையில் ஊன்றி, கட்டைவிரலை உயர்த்தி அந்தப் பள்ளத்தில் கியூவை ஓட்டுங்கள்.

சீன எட்டுப் பந்து ஆடினால் ஸ்னூக்கருக்குப் பாதை கிடைக்குமா?

ஹெய்பால் என்று இப்போது அழைக்கிறார்கள். ஒன்பதடி மேசை, பூல் பந்து, ஆனால் பாக்கெட்டும் துணியும் ஸ்னூக்கர் பாணி. பாக்கெட் செய்யும் துல்லியத்துக்கு மிக நல்ல பயிற்சி. ஆனால் பரிசுப் பணம் பெருகிவிட்டதால் போக்குவரத்து எதிர்த்திசையில்தான் அதிகம், ஸ்னூக்கர்காரர்கள் அங்கே போகிறார்கள். நீங்கள் உண்மையில் நன்றாக ஆடுகிறவர் என்றால் அங்கேயே நிற்பதுதான் புத்திசாலித்தனமோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

இரண்டையும் சேர்த்து ஆடினால் ஆட்டம் கெடுமா?

அடித்தளம் உறுதியாக இருந்தால் கெடாது. ஸ்னூக்கரில் புதிதாக ஸ்டான்ஸ் (நிற்கும் விதம்) பழகும் முதல் ஆறு மாதம் மட்டும் பூலைத் தள்ளிவையுங்கள்.

ஜம்ப் ஷாட் ஸ்னூக்கரில் உண்டா?

கிடையாது. வெள்ளைப் பந்து வேறொரு பந்தைத் தாண்டிக் குதித்துப் போய் இலக்கைத் தொட்டால் தவறு. ஜம்ப் கியூவை வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்த நேரத்தில் ரெஸ்ட் (எட்டாத பந்துக்குக் கியூவைத் தாங்கும் கோல்) வைத்து அடிக்கப் பழகுங்கள். பன்னிரண்டடி மேசையில் கை எட்டாத பந்துகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் வரும். பூலில் இருந்து வருகிறவர்கள் ரெஸ்டைத் தொடவே கூச்சப்படுகிறார்கள். எட்டி எட்டி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அடித்து ஷாட்டைக் கெடுக்கிறார்கள். தினமும் இருபது நிமிடம், ரெஸ்ட் வைத்து நீலப் பந்தை மூலைக்கு அடியுங்கள்.